ஒரு சின்ன ஓட்டைக்கு 2,200 ரூபாய்

ஒரே கம்பெனி. ஒரே உயரம், ஒரே கறுப்பு நிறம், ஒரே மாதிரி இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் ப்ளூடூத்தும் எஃப்.எம்.மும் மட்டும், விலை 6,900 ரூபாய். இன்னொன்றில் இவற்றோடு முன்பக்கம் பென்டிரைவ் சொருக ஒரு சின்ன ஓட்டை, விலை 9,100. அந்த ஓட்டைக்காக 2,200 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா, வேண்டாமா? பென்ஷன்காரனுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. இதற்காகப் பத்து நாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். அலைந்ததில் தெரிந்துகொண்டவை என் வயதுக்காரர்கள் சிலருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

சினிமாப் பாட்டும் கச்சேரியும் மட்டும் கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த ஓட்டை தேவையில்லை. விஸ்வநாதன் ராமமூர்த்தியோ, இளையராஜாவோ, அரியக்குடியோ, யாராக இருந்தாலும் போனில் தேடினால் வந்துவிடுகிறார்கள். ப்ளூடூத்தில் செட்டோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. போனை நோண்டப் பிடிக்காதவர்களுக்கு சரிகம கம்பெனி 2017-இல் கொண்டுவந்த காரவான் இருக்கிறது. பழைய ரேடியோ போன்ற பெட்டிக்குள் பாட்டுகளை முன்கூட்டியே நிரப்பி விற்கிறார்கள். தமிழுக்கென்று தனி மாடலும் உண்டு. குமிழைத் திருகினால் பாடும்.

எந்தக் கம்பெனியிடமும் இல்லாத ஒலிப்பதிவு உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எங்கள் வீட்டில் அப்படி 41 கேசட்டுகள் கிடந்தன. என் அக்காவுக்கு 79 வயது. அத்தான் காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். அத்தான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். விடிகாலையில் எழுந்து குளித்துவிட்டுத் திருப்புகழும் கந்தரலங்காரமும் பாடுவார். மேடையேறிப் பாடியவர் இல்லை, வீட்டுக்குள் பாடியவர். 1983-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு பானாசோனிக் டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்தார். அது வந்த நாளிலிருந்து 1998 வரை, மனசு வந்தபோதெல்லாம் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பாடியிருக்கிறார். கேசட் அட்டையில் தேதியும், நாளும், நட்சத்திரமும் தன் அழகான கையெழுத்தில் எழுதி வைப்பார். தமிழாசிரியர் அல்லவா, ஒற்றுப்பிழைகூட இருக்காது.

அக்காவுக்குக் கண்ணில் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்னும் நோய் அது. பக்கப் பார்வை முதலில் போகும். போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். இப்போது அவளுக்கு ஆள் நிழலாகத் தெரியும். எழுத்து தெரியாது. காலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பேப்பர் இல்லை, டிவி இல்லை. “அவர் பாடுறதைக் கேக்கலாமாப்பா?” என்று போன வருஷம் ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

போனிலிருந்து ப்ளூடூத் வழியாகத்தான் முதலில் போட்டுக் காட்டினேன், என் அறையில் இருந்த பழைய சின்ன ஸ்பீக்கரில். பாட்டு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் போன் என்பது வழவழவென்று ஒரு கண்ணாடி. கையால் தடவிப் பார்த்தால் எது பாட, எது நிறுத்த என்று எதுவும் தெரியாது. தடவியதாலேயே வேறு எதுவோ திறந்துகொள்ளும். அடுத்தது, அது என் போன். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால், தெருமுனை தாண்டுவதற்குள் அத்தான் பாதிப் பாட்டில் நின்றுவிடுவார். ப்ளூடூத்தின் எட்டுந்தூரம் வீட்டுக்குள் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சுவர் வந்தால் அதுவும் குறையும். மூன்றாவது விஷயம்தான் என்னைக் கோபப்படுத்தியது. அத்தான் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு அழைப்பு வந்தது. குரல் நின்றது, மணி அடித்தது, நான் ஓடிவந்து எடுத்ததும், பெர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் ஸ்பீக்கர் அதிரக் கேட்டாள். அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மஸ்கட்டில் இருக்கும் அக்கா மகன், “மாமா, நான் பணம் அனுப்புறேன், சொன்னா பாடுற ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்குங்க” என்றான். நல்ல பொருள்தான். ஆனால் அதற்கு எந்நேரமும் வைஃபை வேண்டும். அது தேடிப்போவது இணையத்தில் இருக்கும் பாட்டை. அத்தான் பாட்டு இணையத்தில் இல்லை. அதையும் எங்கோ ஏற்றி, பெயர் வைத்து, அந்தப் பெயரை அது புரிந்துகொள்ளும்படி உச்சரித்துக் கேட்க வேண்டும். அக்காவிடம் சொன்னேன். “அது பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது என்னன்னு கேட்டு, நான் அதுக்குப் பதில் சொல்லி… எதுக்குப்பா விடியக்காலத்துல ஒரு பெட்டிகிட்ட போய் இம்புட்டுப் பேச்சு?” என்றாள்.

ஆகவே பென்டிரைவ். ஆனால் பென்டிரைவில் ஏற்ற, கேசட்டைக் கோப்பாக மாற்ற வேண்டும். இதைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கொடுத்தும் செய்யலாம். எனக்கு அத்தான் கேசட்டை வெளியே விட மனமில்லை.

கேசட் ஓட வேண்டுமானால் ஓட்டும் டெக் சரியாக இருக்க வேண்டும். என்னுடைய பழைய டெக்கில் ரப்பர் பெல்ட் இளகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்துப் புதிய பெல்ட் போட்டேன். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். சில கேசட்டுகளில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுப்பட்டை பசை விட்டு விழுந்துவிட்டது. அவற்றைத் திறந்து, டேப் சுருளை மட்டும் எடுத்து, ஸ்குரூ போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்ற வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். குரல் மந்தமாகக் கேட்டால் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவை ஒரு துளி திருப்பிப் பாருங்கள். மூடியிருந்த கதவைத் திறந்ததுபோல் சத்தம் தெளியும். டேப் பதிவான இயந்திரத்தின் ஹெட்டும் ஓட்டும் இயந்திரத்தின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நின்றால்தான் உச்ச ஸ்தாயி சரியாக வரும், அதுதான் காரணம்.

டெக்கிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகக் கொடுத்தால் சத்தம் உடைந்துவிடும். லைன்-இன் உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்று ஒரு சின்னப் பொருள் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். குறுக்குவழி கிடையாது. 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் உட்கார வேண்டும். தினமும் இரண்டு கேசட் வீதம் மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கேசட்டில் பாட்டு மட்டுமா இருக்கிறது? சேவல் கூவுகிறது. பால்காரர் சைக்கிள் மணி. குக்கர் விசில். 1987-ஆம் வருஷக் கேசட் ஒன்றில் பாட்டின் நடுவே, “தோசை ஆறுது, வந்து தின்னுட்டுப் பாடுங்க” என்று அக்காவே அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். அத்தான் அந்த அடியை முடித்துவிட்டு, “இதோ” என்கிறார். மருமகன் இதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து பாட்டை மட்டும் தனித்தனிக் கோப்பாக வைக்கலாம் என்றான். அக்காவும் நானும் ஒப்புக்கொள்ளவில்லை. கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக, முப்பது நிமிடத்தை அப்படியே வைத்துவிட்டோம். இந்த முடிவு பிறகு செட் வாங்கும்போது பெரிய விஷயமாகிவிட்டது. அதற்கு வருகிறேன்.

தரம் பற்றிக் கொஞ்சம். சி.டி. தரத்தில் வைத்தால் நிமிடத்துக்கு சுமார் 10 எம்.பி. இடம் பிடிக்கும், 41 மணி நேரத்துக்கு 25 ஜி.பி. எம்.பி.3-ஆக, 128 கிலோபிட்டில் சுருக்கினால் நிமிடத்துக்கு ஒரு எம்.பி.கூட ஆகாது, மொத்தமே இரண்டரை ஜி.பி.க்குள் அடங்கிவிடுகிறது. சுருக்காததை வன்தட்டில் பத்திரப்படுத்திவிட்டு, கேட்பதற்கு எம்.பி.3 வைத்துக்கொண்டேன். கடைகளில் ‘ஹை-ரெஸ்’ என்று முத்திரை குத்திய யூஎஸ்பி செட்டுகளைக் காட்டி இன்னும் சில ஆயிரம் கேட்பார்கள். நான் வேலை பார்த்தது தொலைபேசித் துறையில். மனிதர் பேசிப் புரிந்துகொள்ள நாங்கள் ஒதுக்கிய அலைவரிசை 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 வரைதான். அதற்குள்தான் நாடே நாற்பது வருஷம் கல்யாணம் பேசியது. பாட்டுக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும், சரி. ஆனால் இளம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் எழுபது வயதுக் காதில் முதலில் உதிர்வது அந்த மேல்தட்டுதான். வீட்டில் பதிந்த பழைய கேசட்டில் அந்த மேல்தட்டு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. இல்லாத ஒன்றைக் கேட்க முடியாத காதுக்குக் கொண்டுசேர்க்கக் காசு கொடுப்பானேன்?

‘ப்ளூடூத்தைவிட பென்டிரைவில் சத்தம் நன்றாக இருக்குமா’ என்று கேட்பவர்கள் உண்டு. ப்ளூடூத்தில் போகும்போது பாட்டு இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. பென்டிரைவில் அது இல்லை. கணக்குப்படி வித்தியாசம் உண்டு. இந்த விலை ஸ்பீக்கரில் கண்டுபிடிப்பது கஷ்டம். சத்தத்துக்காக யூஎஸ்பி வாங்காதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மலிவான செட்டுகளில் ப்ளூடூத், எஃப்.எம்., யூஎஸ்பி, மெமரி கார்டு நான்கையும் பெரும்பாலும் உள்ளே ஒரே ஒரு சில்லுதான் கவனித்துக்கொள்கிறது. ஓட்டை வைக்கக் கம்பெனிக்கு ஆகும் செலவு 2,200 ரூபாய் அல்ல, அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகவே ‘ஓட்டை இருக்கிறது’ என்பதற்காகக் காசு கொடுக்கக் கூடாது. ஓட்டையில் சொருகிய பிறகு அந்தச் செட் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத்தான் கொடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் இதை எழுத மாட்டார்கள். நாம்தான் கடையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டையிலேயே மூன்று ஜாதி இருக்கிறது. தட்டையாக, நீள்சதுரமாக இருப்பது பென்டிரைவ் சொருகுவது. சில நல்ல ஆம்ப்ளிஃபயர்களின் பின்னால் கிட்டத்தட்டச் சதுரமாக ஒன்று இருக்கும். பிரின்டர் வயர் சொருகுவதுபோல. அது கம்ப்யூட்டரோடு இணைப்பதற்கு. அதில் பென்டிரைவ் நுழையவே நுழையாது. ஆனால் விளம்பரத்தில் இரண்டுக்கும் ‘யூஎஸ்பி’ என்றே போட்டிருப்பார்கள். மூன்றாவது, தட்டையாகத்தான் இருக்கும், பென்டிரைவும் நுழையும், ஆனால் பாடாது. சில சவுண்ட்பார்களில் அது மெக்கானிக் வந்து மென்பொருள் மாற்றுவதற்கு மட்டும். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சர்வீஸ்’ என்று இருக்கும். வேறு சிலவற்றில் போனுக்கு சார்ஜ் ஏற்ற மட்டும். டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் அப்படி ஒன்றை என்னிடம் விற்கப் பார்த்தார்கள். பென்டிரைவைச் சொருகிக் காட்டுங்கள் என்றேன். விற்பனைப் பையன், “சார், இப்ப யாரு சார் பென்டிரைவ் கேக்குறா? எல்லாம் யூட்யூப்தான்” என்றான். சொருகிக் காட்டாமலே பேச்சை மாற்றினான். வெளியே வந்துவிட்டேன்.

நான் கடைக்குப் போகும்போதே ஒரு பென்டிரைவைத் தயார் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அதில் நான்கு ஃபோல்டர். உள்ளே 01, 02 என்று எண்ணிட்ட கோப்புகள். ஒரு முப்பது நிமிடக் கோப்பு. தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்று. ஐந்து கடையில் ஏழெட்டு செட்டுகளில் சொருகிப் பார்த்திருப்பேன். எத்தனை விதமான குணங்கள்!

ஒரு செட் 01-க்குப் பிறகு 03-ஐப் பாடியது. காரணம் பிறகு புரிந்தது. பல செட்டுகள் எண் வரிசையைப் பார்ப்பதில்லை. பென்டிரைவில் எந்தக் கோப்பு முதலில் ஏறியதோ அந்த வரிசையில் பாடும். இதற்கு மருந்து சுலபம். காலி பென்டிரைவில் ஒவ்வொரு கோப்பாக வரிசைப்படி ஏற்ற வேண்டும். தமிழ்ப் பெயரைப் பெரும்பாலான செட்டுகள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ காட்டின. அக்காவுக்கு டிஸ்ப்ளேயே தெரியாது என்பதால் அதை விட்டுவிட்டேன். உங்களுக்கு முக்கியம் என்றால் பார்த்து வாங்குங்கள்.

போனில் பதிவு செய்த பேரக்குழந்தைகளின் மழலை, வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி, இவையெல்லாம் எம்.பி.3 இல்லை. வேறு வகைக் கோப்புகள். சாதாரண செட்டுகள் அவற்றைத் தாண்டிப் போய்விடும். யாரிடமாவது கொடுத்து எம்.பி.3-ஆக மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்த சோதனைதான் என்னைப் பொறுத்தவரை உயிர்நாடி. அக்காவுக்குச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்தால்தான் நிம்மதி. ரிமோட்டில் அணைத்தால் அணைந்ததாகவே ஏற்றுக்கொள்ள மாட்டாள். அந்தக் காலத்து மனுஷி; மின்சாரம் வீணாகும் என்பாள். ஆகவே பாட்டு நடுவில் ஓடும்போதே சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்ட செட்டுகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதல் கோப்பிலிருந்து ஆரம்பித்தன. அப்படியானால் அக்கா ஆயுசு முழுக்க முதல் கேசட்டைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு செட்டுகள் விட்ட பாட்டை நினைவு வைத்திருந்தன. ஆனால் அந்தப் பாட்டின் ஆரம்பத்துக்குப் போயின. சினிமாப் பாட்டுக்கு அது போதும், நான்கு நிமிடம்தானே. முப்பது நிமிடக் கோப்புக்குப் போதாது. விட்ட இடத்திலிருந்தே, அந்த நொடியிலிருந்தே தொடர்ந்தது ஒரே ஒரு செட்.

இன்னொரு வேடிக்கை. சுவிட்சைப் போட்டதும் பல செட்டுகள் முந்தைய நாள் பென்டிரைவில் பாடிக்கொண்டிருந்ததை மறந்து ப்ளூடூத்துக்குப் போய்விடுகின்றன. போனது மட்டுமில்லாமல் ஒரு வெளிநாட்டுப் பெண் குரல் முழுச் சத்தத்தில், “ப்ளூடூத் மோட்!” என்று அறிவிக்கிறது. காலை நாலரை மணிக்கு! தெருவே எழுந்துவிடும். அதை நிறுத்த வழி உண்டா என்று கேட்டால், இல்லையாம்.

பொத்தான்களையும் பார்க்க வேண்டும். விலை கூடிய ஒரு மாடலில் எல்லாம் தொடுபொத்தான். கண்ணாடித் தகட்டில் விளக்கு எரியும், மேடு பள்ளம் எதுவும் இல்லை. கூடவே பாட்டுக்கு ஏற்றபடி ஸ்பீக்கரைச் சுற்றி சிவப்பு, நீலம், பச்சை விளக்கு வேறு. 13,000 சொன்னார்கள். கரகாட்டத்துக்கு வேண்டுமானால் பொருத்தம்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த அந்த ஒரே செட்தான் முதலில் சொன்ன 9,100 ரூபாய் செட். அமுக்கினால் ‘டக்’ என்று உள்ளே போகும் நான்கு பொத்தான்கள், ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளியில். சுவிட்சைப் போட்டால் அறிவிப்பு எதுவும் இல்லாமல், பென்டிரைவ் சொருகியிருந்தால் நேராக அதற்கே போய், நேற்றைய சத்த அளவிலேயே பாடுகிறது. வாங்கிவிட்டேன். 2,200 ரூபாயை நான் கொடுத்தது அந்த நினைவாற்றலுக்கும் அந்த நான்கு பொத்தானுக்கும்தான். இதே ஓட்டை இருந்தும் இந்த இரண்டும் இல்லாத செட்டுக்கு 200 ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் விலையைத்தான் கேட்டாள். சொன்னேன். “ஏப்பா, கேசட்டையே போட்டுருந்தா காசே ஆகியிருக்காதே” என்றாள். கேசட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேயும், இன்னும் பத்து வருஷம் தாங்காது என்று விளக்கினேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பாடவைக்கும் பொத்தானில் மட்டும் தடவினால் தெரியும்படி ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தாள் என் மனைவி. மற்ற மூன்றும் பொட்டிலிருந்து வலது பக்கம், வரிசையாக. இரண்டே நாளில் அக்காவுக்குப் பழகிவிட்டது. அடுத்த கேசட்டுக்குப் போக எந்தப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று இப்போது அவள்தான் எனக்குச் சொல்கிறாள்.

இவ்வளவு சொன்ன நான் என் அறைக்கு என்ன செய்தேன் தெரியுமா? 1994-இல் வாங்கிய என் ஆம்ப்ளிஃபயர் இன்னும் கல்லுப்போல இருக்கிறது. அதன் பின்னால் ஆக்ஸ் துளை உண்டு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போன நண்பர் ஒருவரிடம் சொல்லி, யூஎஸ்பியும் ப்ளூடூத்தும் உள்ள ஒரு சின்னப் பலகையை வாங்கிவரச் சொன்னேன். உள்ளங்கை அளவு, கூடவே தக்கையான ஒரு ரிமோட். 450 ரூபாய். ஆக்ஸில் சொருகினால் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு யூஎஸ்பி வந்துவிட்டது. முதலில் ஒரு போன் சார்ஜரில் மின்சாரம் கொடுத்தபோது பாட்டுக்கு அடியில் வண்டு ரீங்காரமிடுவதுபோல் இரைச்சல். சார்ஜரை மாற்றி, ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ரக அடாப்டர் ஒன்றைக் கொடுத்ததும் அடங்கிவிட்டது. இந்தப் பலகையும் “ப்ளூடூத் மோட்” என்று கத்துகிற ஜாதிதான், விட்ட இடத்தையும் மறந்துவிடும். எனக்குக் கண் தெரிகிறது, கேட்பது சினிமாப் பாட்டு, பகலில்தான் கேட்கிறேன். எனக்கு 450 ரூபாய் யூஎஸ்பியே தாராளம். உங்கள் வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் நல்ல நிலையில் இருந்தால் புதுச் செட் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

பென்டிரைவ் வாங்கும்போது பெரிதாக வாங்காதீர்கள். 16 அல்லது 32 ஜி.பி. போதும். 64-க்கு மேல் போனால் பல செட்டுகளுக்குப் புரியாத ஃபார்மேட்டில் வரும். செட்டுக்குப் புரிவது ஃபேட் 32. நடைபாதையில் மலிவாக ‘2 டி.பி.’ என்று விற்கும் பென்டிரைவ்களைக் கையால் தொடாதீர்கள். உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும், அது நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். வன்தட்டைச் சொருகலாமா என்றால், அந்த ஓட்டையிலிருந்து வரும் மின்சாரம் அதைச் சுழற்றப் பெரும்பாலும் போதாது. நீட்டிக்கொண்டிருக்கும் பென்டிரைவ், வீடு பெருக்கும்போதோ தூசி தட்டும்போதோ இடித்து ஓட்டையோடு பெயர்ந்து வந்துவிடும். விரல் நகம் அளவில் ஒரு வகை இருக்கிறது. சொருகினால் வெளியே தெரியாது. அதைத்தான் போட்டிருக்கிறேன்.

பென்டிரைவ் என்றைக்கு வேண்டுமானாலும் சாகும். அதனால் மூன்று பிரதி. ஒன்று செட்டில், ஒன்று என் பீரோவில், ஒன்று போன மாதம் வந்திருந்த மருமகனிடம் கொடுத்தனுப்பினேன். வேலைக்குப் போகும் வழியில் காரில் போட்டுக் கேட்பதாகச் சொன்னான். “மாமா, அம்மா தோசை ஆறுதுன்னு சொல்றது வருதுல்ல, அந்த இடத்துல மட்டும் திருப்பித் திருப்பிப் போடுறேன்” என்றான். இப்போது புதுக் கார் வாங்கப் போகிறானாம். அதில் ஓட்டை வேறு மாதிரி, சின்னதாக, சி டைப் என்கிறான். இந்த பென்டிரைவ் அதில் போகாது. இரண்டு பக்கமும் சொருகுகிற மாதிரி ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் வரிசைப்படி மறுபடி ஏற்றி, அடுத்த மாதம் மஸ்கட் போகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.